எங்கள் வளவில் ஒரு கோச்சிப் பாதை



வழமையாக இந்தப் பக்கத்தில் சுயதொழில், பிள்ளைகளின் படிப்பு, பிரதேச செயலகத்தில் எடுக்க வேண்டிய கடிதங்கள் என்றுதான் எழுதி வருகிறேன். இம்முறை ஒரு விளையாட்டைப் பற்றி எழுதப்போகிறேன். கல்முனையில் ஒரு வீட்டின் பின் வளவில் நாங்கள் சில பேர் சேர்ந்து போட்டுவரும் சின்னக் கோச்சிப் பாதையைப் பற்றி. இதுவரை என்ன செய்தோம், எதில் பிழை விட்டோம், இனி என்ன செய்யப்போகிறோம் என்பதை உங்களோடு பகிர்ந்துகொள்கிறேன்.

எங்கள் மாதர் குழுவில் இருக்கும் ஒரு ராத்தா, கணவர் நோயால் இறந்த பின், 2017 இல் வளைகுடா நாடொன்றுக்கு வீட்டு வேலைக்குப் போனார். போகும்போது மகனுக்கு ஆறு வயது. 2022 இல் திரும்பும்போது அவனுக்குப் பதினொன்று. வேலை செய்த வீட்டுப் பிள்ளைகள் வளர்ந்து, வேண்டாமென்று ஒதுக்கிய விளையாட்டுக் கோச்சி ஒன்றை அந்த வீட்டம்மாவிடம் கேட்டு வாங்கி, தன் உடுப்புகளைக் குறைத்துப் பெட்டியில் இடம் பிடித்துக் கொண்டுவந்தார். ஒரு எஞ்சின், மூன்று பெட்டிகள், பன்னிரண்டு வளைந்த தண்டவாளத் துண்டுகள். மகன் அதைப் பார்த்துவிட்டு, "நான் சின்னப் புள்ளையா?" என்று ஒரு கேள்வி கேட்டான். அவ்வளவுதான். அது இரண்டு வருடம் அலுமாரிக்கு மேலேயே இருந்தது.

வீட்டுத் தரிசிப்புக்குப் போன ஒரு நாள் அந்தப் பெட்டியை நான் கண்டேன். திறந்து பார்த்தபோது விளங்கியது, அது வீட்டுக்குள் ஓட்டுகிற சாதாரணப் பொருள் அல்ல, வெளியில் மழை வெயிலில் போடுவதற்கென்றே செய்யப்பட்ட வகை. ஜேர்மனியின் நியூரம்பேர்க் நகரில் லேமன் என்ற விளையாட்டுப் பொருள் நிறுவனம் 1968 இல் இந்த வகையை அறிமுகப்படுத்தியது. இரண்டு தண்டவாளங்களுக்கும் இடையே 45 மில்லிமீற்றர். உண்மையான மீற்றர்பாதைக் கோச்சியை 22.5 மடங்கு சிறிதாக்கினால் வரும் அளவு இது. எங்கள் நாட்டுப் பெரிய பாதையின் அகலம் 1676 மில்லிமீற்றர். மேற்கு நாடுகளில் வயது வந்தவர்களே தங்கள் வீட்டுத் தோட்டங்களில் இப்படிப் பாதை போட்டு, சுற்றிலும் செடி நட்டு, வருடக்கணக்காக அதை வளர்த்து வருகிறார்கள்.

குழுவில் இதைச் சொன்னதும் ஒரு சகோதரி சிரித்தார். "பெரிய மனிசர் கோச்சி விளையாடுறதா?" இந்தியாவின் புனே நகரில் ஜோஷி என்பவர் தன் வாழ்நாள் பொழுதுபோக்காகச் சேர்த்துச் செய்த சிறு ரயில்களுக்காக 1998 இல் ஒரு காட்சிசாலையே திறந்தார் என்று சொன்னேன். அது கூரைக்குக் கீழே இருக்கும் சிறு நகரம். சிக்னல்களும் பாலங்களும் கொண்டது. அதைப் பார்க்கக் குடும்பம் குடும்பமாகப் போகிறார்கள். அப்போது இன்னொரு சகோதரி கேட்டார்: "அவங்களுக்குச் சரி. எங்களுக்கு இது எதுக்கு?"

அந்தக் கேள்விக்கு எனக்கு உடனே பதில் சொல்ல முடியவில்லை. பத்து வருடங்களுக்கு மேலாகக் களத்தில் வேலை செய்கிறேன். கோழிக்குஞ்சு, தையல் இயந்திரம், ஆடு என்று எத்தனையோ படிவங்களை நிரப்பியிருக்கிறேன். அவற்றில் உங்கள் பெயர் 'பயனாளி' என்ற கட்டத்தில்தான் இருக்கும். திட்டத்தை வேறு யாரோ போட்டிருப்பார்கள். உங்களுக்கு என்ன ஆசை என்று கேட்கும் கட்டம் எந்தப் படிவத்திலும் இல்லை. இந்தக் கோச்சிக்கு எந்த நிறுவனமும் காசு தரவில்லை. ஆகவே திட்டத்தை நாங்களே போட வேண்டியிருந்தது.

முதல் தடை வளவிலேயே வந்தது. ராத்தாவின் மகளுக்கு இருபது வயது கடந்துவிட்டது. எங்கள் பகுதியில் மகளுக்கு வீடு கொடுத்தே கலியாணம் செய்வது வழக்கம். கணவரின் சகோதரர்கள் வந்து, "மகளுக்கு அறை கட்டுற இடத்துல விளையாட்டா?" என்று கேட்டார்கள். அவர்கள் கேட்டதிலும் நியாயம் இருந்தது. ஆகவே கொங்கிறீற்றுப் போடுவதில்லை என்று முடிவெடுத்தோம். எந்த நாளும் கிளப்பி வேறிடத்தில் வைக்கக்கூடிய பாதையாக இருக்க வேண்டும்.

அறை எங்கே வரும், பாதை எங்கே வரும் என்று அளப்பதற்காக ராத்தா றங்குப் பெட்டியிலிருந்து காணிப் பத்திரத்தை எடுத்தார். அன்றுதான் அதைக் கவனமாக வாசித்தோம். பத்திரம் இறந்துபோன கணவரின் பெயரில் மட்டுமே இருந்தது.

இது எப்படி நடந்தது? அவருடைய பழைய வீடு கடற்கரைப் பக்கம், உம்மா சீதனமாகக் கொடுத்தது. 2004 டிசம்பர் 26 இல் கடல் அதைக் கொண்டுபோனது. கிழக்கில் கடலிலிருந்து 200 மீற்றருக்குள் வீடு கட்டக் கூடாது என்று 2005 இல் அரசு அறிவித்தது. பின்னர் வயல் நிரப்பிய நிலத்தில் புது வீடு கிடைத்தது. 'குடும்பத் தலைவர்' என்ற இடத்தில் ஆணின் பெயரை எழுதினார்கள். பரம்பரையாகப் பெண்ணுக்கு வந்த வீடு ஒரு கையெழுத்தில் ஆணின் பெயருக்குப் போனது. இது இந்த ஒரு வீட்டின் கதை அல்ல. சுனாமிக்குப் பின் கிழக்கில் பல பெண்களுக்கு இப்படி நடந்தது. இருவர் பெயரிலும் பத்திரம் வேண்டும் என்று பெண்கள் அமைப்புகள் அப்போதே குரல் கொடுத்தன.

ராத்தா சொன்னார்: "நான் அஞ்சு வருசம் உழைச்சுக் கூரை மாத்தின வீடு. என்ட பேரு எங்கயும் இல்ல." அடுத்த வாரமே பிரதேச செயலகத்தில் காணி உத்தியோகத்தரைச் சந்தித்தோம். மரணச் சான்றிதழும் மற்றைய ஆவணங்களும் கொடுத்தாயிற்று. விடயம் இன்னும் முடியவில்லை. ஒரு கோச்சிப் பாதைக்காக அளவுநாடா பிடித்திராவிட்டால் அந்தப் பத்திரம் மகளின் கலியாணப் பேச்சு வரும்வரை பெட்டிக்குள்ளேயே கிடந்திருக்கும்.

இனிப் பாதையின் கதைக்கு வருவோம். பன்னிரண்டு வளைவுகளையும் பூட்டினால் சுமார் 1.2 மீற்றர் குறுக்களவுள்ள வட்டம் வரும். அதை இரண்டாகப் பிரித்து, இரு பக்கமும் 3 மீற்றர் நேர்ப்பாதை சேர்த்தால் ஏறத்தாழ 10 மீற்றர் சுற்று. நேர்த்துண்டுகள் இங்கே வாங்கக் கிடைக்காது. யன்னல் செய்யும் கடையில் கழித்த அலுமினியப் பட்டிகளை வாங்கினோம். கைத்தறி வேலை தெரிந்த ஒரு தச்சர் சின்னச் சின்ன மரக்கட்டைகளில் 45 மில்லிமீற்றர் இடைவெளியில் இரண்டு வெட்டுகள் போட்டுத் தந்தார். பட்டியை நிமிர்த்தி அந்த வெட்டில் இறக்கினால் தண்டவாளம் ஆயிற்று.

முதல் முறை பட்டிகளை முட்ட முட்ட வைத்தோம். மதிய வெயிலில் பாதை பாம்பு மாதிரி நெளிந்தது. அலுமினியம் சூட்டில் நீளும். 3 மீற்றர் பட்டி, வெப்பம் 30 பாகை கூடினால், 2 மில்லிமீற்றர் நீளும். மகன்தான் பாடப் புத்தகத்தைப் பார்த்து இந்தக் கணக்கைச் செய்தான். அதுவரை அவன் தூரத்தில் நின்று பார்த்தவன். இப்போது மூட்டுகளில் இடைவெளி விட்டிருக்கிறோம். இன்னொன்றும் படித்தோம். பித்தளையும் அலுமினியமும் நேரடியாகத் தொட்டுக்கொண்டிருந்தால் உப்புக் காற்றில் அலுமினியம் விரைவில் அரிக்கும். ஆகவே இடையில் பிளாஸ்ரிக் துண்டு வைத்தோம். அப்படி வைத்தால் தண்டவாளத்தில் மின்சாரம் போகாது. மின்னியல் பாடநெறி படிக்கும் மகள், எஞ்சினுக்குப் பின்னால் உள்ள பெட்டியில் பாதுகாப்புச் சுற்றுடன் மூன்று லித்தியம் மின்கலங்களை வைத்து, எஞ்சினுக்கு வயர் கொடுத்தாள். சுமார் 11 வோல்ற். எஞ்சின் மெதுவாகத்தான் ஓடும். மெதுவாக ஓடினால்தான் பார்க்க நன்றாக இருக்கிறது.

அத்திவாரம்தான் பெரிய வேலை. வயல் நிரப்பிய மண், மாரியில் தண்ணீர் நிற்கும். போன மாரியில் வெறும் மணலில் போட்ட பக்கம் ஒரே இரவில் இறங்கிவிட்டது. பிறகு 10 சென்ரிமீற்றர் ஆழத்துக்குக் கான் வெட்டி, சீமெந்துக் கற்களை வரிசையாக வைத்து, மேசன்மார் செய்வது போல் தண்ணீர்க் குழாயால் மட்டம் பார்த்து, மேலே சிறு சல்லி பரப்பினோம். கல் தூக்கியதும் மட்டம் பார்த்ததும் ராத்தாவும் மகனும். ஒருவர் குழாயின் ஒரு முனை, மற்றவர் மறு முனை. "கொஞ்சம் உசத்து." "போதும் உம்மா." "இன்னும் ஒரு விரல்." ஐந்து வருடம் தொலைபேசியில் "சாப்பிட்டியா மகன்?" என்பதற்கு மேல் பேச்சு ஓடாத இருவர் அவர்கள். சல்லியைக் கோழிகள் கிளறிவிடுவது பற்றி இப்போது தினமும் சண்டை பிடிக்கிறார்கள். அதைக் கேட்க எனக்குச் சந்தோசமாக இருக்கிறது.

இதில் நான் எதிர்பாராத ஒன்று நடந்தது ராத்தாவின் உம்மாவால். கணவர் 1990 இல் வயலுக்குப் போய்த் திரும்பி வராத பெண்களில் அவரும் ஒருவர். எத்தனையோ கூட்டங்களில், எத்தனையோ அதிகாரிகளுக்கு, அந்த ஒரு நாளின் கதையைத்தான் அவர் திரும்பத் திரும்பச் சொல்லியிருக்கிறார். நாங்களும் அதை மட்டும்தான் கேட்டிருக்கிறோம். பாதை பூட்டிய அன்று வாசற்படியில் இருந்து பார்த்துக்கொண்டிருந்தவர், "எந்தெந்த ஸ்டேசன் வைக்கப்போறீங்க?" என்று கேட்டார். எங்களுக்குத் தெரியவில்லை. அவர் சொல்லத் தொடங்கினார்: மட்டக்களப்பு, ஏறாவூர், வாழைச்சேனை, புனாணை, வெலிக்கந்தை, மன்னம்பிட்டி...

கலியாணம் முடித்த புதிதில் கணவர் அவரைக் கொழும்பு பார்க்கக் கூட்டிப்போயிருக்கிறார். முதல் நாள் காத்தான்குடியில் உறவினர் வீட்டில் தங்கி, விடியற்காலை மட்டக்களப்பில் உதயதேவி ஏறினார்களாம். மன்னம்பிட்டியில் மகாவலி கங்கைக்கு மேலே கோச்சியும் பஸ்ஸும் ஒரே பாலத்தால் போகும். 2007 இல் வாகனங்களுக்குப் புதுப் பாலம் திறக்கும்வரை அப்படித்தான் இருந்தது. அந்த இடத்தில் கணவர் அவரை எழுப்பி, "பாருங்க, பஸ்ஸெல்லாம் எங்களுக்காக நிக்குது" என்றாராம். சொல்லிவிட்டு அவர் சிரித்தார். கணவரைப் பற்றிப் பேசி அவர் சிரித்ததை மகள் தன் வாழ்நாளில் முதல் தடவையாக அன்றுதான் கண்டார். அன்று பேரப்பிள்ளைகளும் உம்மும்மாவிடம் வாப்பாப்பாவைப் பற்றி நிறையக் கேட்டார்கள்.

"இது எங்களுக்கு எதுக்கு?" என்று கேட்ட சகோதரிக்கு இதைத்தான் பதிலாகச் சொல்லலாம் என்று நினைக்கிறேன். இழந்தவர்கள் இறந்த நாளை மட்டுமே கேட்பதற்குப் பலர் வந்தார்கள். அவர்கள் வாழ்ந்த நாட்களைச் சொல்வதற்கும் ஒரு இடம் வேண்டும்.

அடுத்த மாரி தொடங்கும் முன் செய்ய வேண்டியவை இவை. முதலாவது, தண்ணீர் வடிய ஒரு பக்கம் சின்னக் கான். இரண்டாவது, அதற்கு மேலே மன்னம்பிட்டிப் பாலம். இரும்புக் கம்பி உப்புக் காற்றில் துருப்பிடிக்கும் என்பதால் மரத்தில். உம்மும்மாவின் கட்டளைப்படி அதில் ஒரு பஸ்ஸும் நிற்கும். மூன்றாவது, கோழிகளுக்கு வலை. நான்காவது, பாதையோரம் வல்லாரை, பொன்னாங்காணி, புதினா. இலை சிறிது, உயரமாக வளராது, கறிக்கும் ஆகும். ஐந்தாவது, மூன்று மொழிகளில் நிலையப் பலகைகள். மகளின் அறைக்கு அத்திவாரம் போடும் நாளில் பாதையைக் கிளப்பி மதிலோரம் மாற்றுவோம். அந்த வரைபடத்தையும் மகளே கீறி வைத்திருக்கிறாள்.

1928 இல் மட்டக்களப்புக்கு வந்த தண்டவாளம் இன்றும் அங்கேயே முடிகிறது. கல்முனைக்கு இன்னும் சுமார் 40 கிலோமீற்றர். எங்கள் பிள்ளைகளில் பலர் கோச்சியில் ஏறியதே இல்லை. மகன் மட்டக்களப்புப் பலகைக்குப் பக்கத்தில் ஒரு வெறும் பலகையை நட்டு வைத்திருந்தான். என்ன எழுதப்போகிறாய் என்று கேட்டேன். "கல்முனை" என்றான்.

சகோதரிகளே, உங்கள் எல்லோராலும் கோச்சிப் பாதை போட முடியாது. போட வேண்டும் என்றும் நான் சொல்லவில்லை. ஆனால் இந்த மாதம் இரண்டு காரியம் செய்யுங்கள். உங்கள் வீட்டுப் பத்திரத்தை எடுத்து, அதில் யார் பெயர் இருக்கிறது என்று பாருங்கள். உங்கள் பெயர் இல்லையென்றால் கிராம உத்தியோகத்தரிடமும் பிரதேச செயலகத்திலும் கேளுங்கள். சட்ட உதவி ஆணைக்குழுவில் வருமானம் குறைந்தவர்களுக்கு இலவசமாக ஆலோசனை கிடைக்கும். அடுத்து, உங்கள் பிள்ளைகளோடு சேர்ந்து, லாபம் எதுவும் வராத, உங்களுக்கு விருப்பமான ஒன்றைத் தொடங்குங்கள். அது என்னவென்று எங்களுக்கு எழுதுங்கள்.

பாலம் நிமிர்ந்ததா, கோழிகள் வென்றனவா என்பதை வேறோர் இதழில் சொல்கிறேன்.