கெந்தல் என்றால் புரியாதா?

“முழங்காலுக்குக் கீழ குடைச்சல்யா. ராத்திரியில வெட்டி வெட்டி இழுக்கு. காலையில ஊணவே முடியல, கெந்திக் கெந்தித்தான் வந்தேன்.”

சங்கரன்கோவில் பக்கம் ஒரு மருத்துவமனை, பேர் வேண்டாம். என் சின்னம்மா டாக்டரிடம் சொன்னது இது. கரிசக்காட்டில் நாற்பது வருசம் களை வெட்டிய கால். சீட்டில் அவர் எழுதியது ‘கால் வலி’, அதுவும் இங்கிலீசில். அப்புறம் ஒரு ஊசி. குடைச்சலும் வெட்டி இழுத்ததும் கெந்தலும் போயே போச்சு, காலை விட்டு அல்ல, சீட்டை விட்டு.

தோழர்களே, கெந்தலுக்கு அவர் படித்த புத்தகத்தில் பேர் இருக்கிறது: ஆன்டால்ஜிக் நடை. கிரேக்கத்தில் ‘ஆல்கோஸ்’ என்றால் வலி. வலி மாத்திரைக்கு ‘அனால்ஜெசிக்’ என்று பேர் வந்ததும் இதே வேரில்தான். நோகிற கால் தரையில் நிற்கும் நேரத்தைக் குறைத்து, பாரத்தைச் சட்டென மறுகாலுக்கு மாற்றுகிற நடை. சின்னம்மா ஒரே சொல்லில் சொல்லிவிட்டாளே! கிரேக்கத்தில் சொன்னால் நோய்க்குறி, சேரியில் சொன்னால் புலம்பலா?

1975இல் கனடாவின் மெக்கில் பல்கலைக்கழகத்து ரொனால்ட் மெல்சாக் ஒரு வலி வினாப்பட்டியல் வெளியிட்டார். குத்துவது, எரிவது, இழுப்பது என்று 78 சொற்கள், 20 தொகுதிகள். வலியை எப்படிச் சொல்கிறார்கள் என்பதில் வைத்தியமே இருக்கிறது. நரம்பு கெட்டால் எரியும், சுரீரென்று பாயும். அதற்கு வழக்கமான வலி மாத்திரை பெரிதாகக் கேட்காது. மூட்டுத் தேய்ந்த வலி வேறு. எல்லாவற்றையும் ‘வலி’ என்று ஒரே சாக்கில் கட்டினால் ஒரே ஊசிதான் மிஞ்சும்.

தமிழில் முடியாது என்பதும் பம்மாத்து. 19ஆம் நூற்றாண்டிலேயே யாழ்ப்பாணம் மானிப்பாயில் சாமுவேல் கிரீன் மேலை மருத்துவத்தைத் தமிழில் கற்பித்தார். நம் கலைச்சொல் பண்டிதர்களோ ‘வலிதவிர் நடை’ என்று புதுசாகச் செய்து தருவார்கள். கெந்தல், விந்தல், தாங்கி நடத்தல் எல்லாம் காட்டுப் பேச்சு, தீட்டு.

அந்த ஊசியின் அரசியலையும் சொல்ல வேண்டும். காலை ஊன்றாதே என்று உடம்பு சொல்வதுதான் வலி. ஊசி அதன் வாயைப் பொத்துகிறது. மறுநாள் அதே காலோடு களைவெட்டு. சாயங்காலம் கடையில் சீட்டில்லாத மாத்திரை. வருசக்கணக்கில் தின்றால் வயிற்றில் புண், சிறுநீரகத்துக்கும் கேடு. பத்து நாள் ஓய்வு என்று எழுத எந்தப் பேனாவும் நீளாது. எழுதினாலும் கூலி யார் தருவது?

ஆடித்தவசு ஊரில் ஒற்றைக் காலில் நின்ற கோமதியம்மனைக் கும்பிடக் கூட்டம் அலைமோதும். சின்னம்மா ஒற்றைக் காலில் பாரம் தாங்கி வந்தால், “ஏ நொண்டி, ஓரமாப் போ.”

ஊர்த்தெருவில் துண்டை இடுப்பில் கட்டிக் குனிந்து போனார்களே நம் தாத்தாமார், அதுவும் வலிக்குத் தப்புகிற நடைதான். அடி விழாமல் இருக்க உடம்பு படித்துக்கொண்டது. அதற்கு எந்த மருத்துவ அகராதியில் பேர் இருக்கு?

மருத்துவக் கல்லூரிக்குப் போயிருக்கும் நம் தெருப் பிள்ளைகளிடம் கேட்பது ஒன்றுதான். கேஸ் சீட்டில் ‘குடைச்சல்’ என்று தமிழிலேயே எழுதுங்கள். பேராசிரியர் அடித்தால் மறுபடி எழுதுங்கள்.