அடைவு ரசீதில் யாருடைய பெயர்?

"பொம்புளப் புள்ளைக்கு நகைதான் பாதுகாப்பு" எண்டு எங்கட பக்கத்தில் சொல்லாத வீடு இல்லை. வினாயகபுரத்திலும் இதே கதைதான், திருக்கோவிலிலும் கல்முனையிலும் இதே கதைதான். சரி, அந்தப் பாதுகாப்பு வருசத்தில் எத்தனை மாதம் வீட்டில் இருக்கிறது?

தங்கத்தின் குணத்தை முதலில் பார்ப்போம். கடற்கரை ஊரில் இரும்புக் கேற் நாலு மாரி தாங்குவதே பெரிசு. உப்புக்காற்று தின்றுவிடும். தங்கத்தை அது தொடாது. அதனால்தான் அம்மம்மாவின் சங்கிலி பேத்தியின் கழுத்தில் அப்படியே மின்னுகிறது. சுத்தத் தங்கம் மெத்து மெத்தென்று வளையும் என்பதால் செம்பும் வெள்ளியும் கலக்கிறார்கள். 24 பங்கில் 22 பங்கு தங்கம் இருந்தால் அது 22 கரட். 'பவுண்' என்ற அளவுகூட வெள்ளைக்காரனின் சவரன் நாணயம் விட்டுப்போனதுதான். நாம் அதை 8 கிராம் என்று கணக்கு வைத்திருக்கிறோம்.

ஆக, எந்தக் கவுண்டரிலும் ஒருவர் நகையை உரசி, நிறுத்து, பத்து நிமிசத்தில் விலை சொல்லிவிடலாம். காணியை ஈடு வைக்க உறுதி வேணும், சட்டத்தரணி வேணும், நாலு நாள் அலைய வேணும். நகைக்கு அடையாள அட்டை போதும். வீட்டில் உள்ள சொத்துகளுக்குள் மிகச் சுலபமாக வெளியே போகக்கூடியது இந்தப் 'பாதுகாப்பு'தான்.

போகவும் போகிறது. பெரும்போகத்துக்கு வட்டையில் உழவு தொடங்கினால் நகை வங்கிக்குப் போகும். பசளை, எண்ணெய், உழவு மெசின் கூலி எல்லாம் அந்தக் காசுதான். வெள்ளாமை வெட்டி நெல் விற்றதும் மீட்பார்கள். விளைச்சல் பிழைத்தால் வட்டியை மட்டும் கட்டி மறுபடி வைப்பார்கள். 2021 மே மாதம் இரசாயனப் பசளை இறக்குமதியை அரசு தடை செய்தது. அந்தப் பெரும்போகத்தில் விளைச்சல் விழுந்தது, அடுத்த வருசம் ரூபாயும் விழுந்தது. அந்த அடியைத் தாங்கியது விவசாயக் காப்புறுதி இல்லை, பெண்களின் காப்பும் சங்கிலியும்தான்.

இன்னொரு கணக்கும் இருக்கிறது. 2013 ஏப்ரலில் உலகச் சந்தையில் தங்கம் சடாரென்று இறங்கியது. அதுக்கு முன்னம் கூடிய விலைக்கு அடைவு பிடித்த இலங்கை வங்கிகள் மாட்டிக்கொண்டன. நகையை மீட்கிறதைவிடப் புதிசா வாங்குவது மலிவு என்ற நிலை. 2014இல் அடகுக் கடன்களுக்கு மத்திய வங்கி ஓர் உத்தரவாதத் திட்டமே கொண்டுவந்தது. வங்கிக்கு உத்தரவாதம் கிடைத்தது. நகையை இழந்த பெண்ணுக்கு யார் உத்தரவாதம்?

சட்டத்தில் குறை பெரிதாக இல்லை. மணமான பெண்களின் ஆதனம் பற்றிய 1923ஆம் ஆண்டுக் கட்டளைச் சட்டப்படி கலியாணத்துக்குப் பிறகும் அவளுடைய சொத்து அவளுடையதே. முஸ்லிம் சகோதரிகளுக்கு 1951ஆம் ஆண்டு விவாக, விவாகரத்துச் சட்டத்தில் மகரும் இருக்கிறது, கைக்கூலியைத் திருப்பிக் கேட்டு காதி நீதிமன்றத்துக்குப் போகும் வழியும் இருக்கிறது. அந்த நீதிமன்றங்கள் பற்றிப் பெண்கள் சொல்லும் முறைப்பாடுகள் வேறு கதை. ஆனாலும் 'இவ்வளவு தந்தோம்' என்று எழுதி வைக்கும் பழக்கம் அங்கே உண்டு. எங்கட வீடுகளில் தாலிக்கொடி எத்தனை பவுண் என்று ஊருக்கே தெரியும், ஆனால் ஒரு துண்டுக் கடதாசியிலும் இருக்காது.

"குடும்பத்துக்காகத்தானே வைக்கிறோம், இதிலென்ன உன்ர என்ர?" என்று கேட்பீர்கள். நியாயம்தான். நகையை வைக்காமல் இந்தக் கரையில் வெள்ளாமை செய்ய முடியாது என்பதும் உண்மை. ஆனால் அப்படிப் போடும் காசு முதலீடு. மச்சானிடம் வாங்கிய கடனுக்கு நன்றி சொல்கிறோம், கடைக்காரரிடம் வாங்கிய பசளைக்கு வட்டி கட்டுகிறோம். மனைவியின் சங்கிலிக்கு மட்டும் கணக்கே இல்லை. விளைந்தால் அது அவருடைய விளைச்சல், பிழைத்தால் அவளுடைய நகை.

2025 ஒக்டோபரில் உலகச் சந்தையில் தங்கம் அவுன்சுக்கு 4,000 டொலரைத் தாண்டியது. இங்கே 22 கரட் பவுண் மூன்று இலட்சத்துக்கும் மேலே போனது. இன்று ஐந்து பவுண் ஏலத்தில் போனால், திரும்ப வாங்கப் பதினைந்து இலட்சத்துக்கு மேல் வேணும். செய்கூலி, சேதாரம் வேறு. எந்த நெல் விலையில் அதைப் பிடிப்பது?

ஆகவே நான் சொல்வது சின்ன விசயம். அடைவு ரசீது நகைக்காரியின் பெயரில் இருக்கட்டும். மீட்கும் திகதி அவளுக்கும் தெரியட்டும். நெல் விற்ற காசில் முதல் செலவு அந்த மீட்பாக இருக்கட்டும். கலியாணத்துக்குப் பவுண் எண்ணுகிற பெற்றோர் அதை ஒரு கொப்பியில் எழுதி, ரெண்டு பக்கமும் கையெழுத்து வாங்கட்டும். இதுக்குப் புதுச் சட்டம் தேவையில்லை. வெட்கப்படாமல் வீட்டுக்குள் பேசினால் போதும்.