மீட்டர் யார் பெயரில்?

வாடகைக்கு வீடு பார்க்கப் போகும்போது நாம் என்னென்ன கேட்கிறோம்? தண்ணீர் எத்தனை நாளைக்கு ஒரு முறை வரும் என்று கேட்கிறோம். அட்வான்ஸ் எவ்வளவு, அதில் கொஞ்சம் குறைக்க முடியுமா என்று கேட்கிறோம். கறி மீன் சமைக்கலாமா என்று கூச்சத்தோடு கேட்கிறோம். ஆனால் வாசல் சுவரில் தொங்குகிற மீட்டரைப் பற்றி மட்டும் யாரும் கேட்பதில்லை. வீட்டின் சாவியை வாங்குகிறோம், மீட்டரை வாங்குவதில்லை. பின்னால் வருகிற தொல்லைகளில் பாதி இங்கேதான் தொடங்குகிறது.

மீட்டர் வீட்டுக்காரர் பெயரில் இருக்கிறது. வெளிச்சம் நம்முடையது, பணமும் நம்முடையது. ஆனால் மின் நிறுவனத்தின் புத்தகத்தில் நாம் இல்லை. மைசூரு, மண்டியா, சாமராஜநகர், குடகு, ஹாசன் ஆகிய 5 மாவட்டங்களுக்கும் மின்சாரம் தருவது சாமுண்டேஸ்வரி மின்வழங்கல் கழகம். நம் மக்கள் வாயில் அது இன்றும் கே.இ.பி.தான். அங்கே போய் நின்றால் 'ஆர்.ஆர். நம்பர் என்ன, யார் பெயரில் இருக்கிறது' என்பதே முதல் கேள்வி. அதற்குப் பதில் தெரியாதவன் அங்கே ஒரு நுகர்வோனாகவே மதிக்கப்படுவதில்லை.

இதனால் நாம் இழப்பது என்ன என்று கணக்குப் பார்ப்போம்.

2023-ஆம் ஆண்டு கர்நாடக அரசு கிருஹ ஜோதித் திட்டத்தைக் கொண்டுவந்தது. மாதம் 200 யூனிட்டுக்கு உட்பட்டு, அந்த வீட்டின் முந்தைய சராசரியை ஒட்டி, வீட்டு மின்சாரம் இலவசம். வாடகைக்குக் குடியிருப்போருக்கும் இது உண்டு என்று அரசே அறிவித்தது. வாடகை ஒப்பந்தமோ அந்த முகவரிக்கான சான்றோ காட்டி, ஆதார் எண்ணை மீட்டர் கணக்கோடு இணைக்க வேண்டும். ஆனால் ஓர் ஆதாருக்கு ஒரு மீட்டர்தான். முன்பு குடியிருந்தவர் தம் ஆதாரை விடுவிக்காமல் போய்விட்டால், புதிதாக வந்தவரின் பெயர் அங்கே ஏறாது. போனவருக்கும் புது வீட்டில் சலுகை கிடைக்காது. இந்தச் சிக்கலைத் தீர்க்கவே, பழைய இணைப்பிலிருந்து ஆதாரை விடுவித்துக்கொள்ளும் வசதி 2024-இல் ஏற்படுத்தப்பட்டது. வசதி வந்துவிட்டது, அதைப் பற்றிய சேதிதான் நம் வீடுகளுக்கு இன்னும் முழுமையாக வந்து சேரவில்லை.

அடுத்தது இன்னும் கொடுமையானது. பழைய மைசூரின் 'வடார' வரிசை வீடுகளை நாம் அறிவோம். ஒரே முற்றம், ஐந்தாறு குடித்தனம், எல்லோருக்கும் சேர்த்து ஒரே மீட்டர். ஒரு குடும்பம் 50 யூனிட் செலவழிக்கிறது என்று வைத்துக்கொள்வோம். 5 குடும்பத்துக்கு 250 யூனிட் ஆகிறது. ஏழைக் குடும்பம் ஒவ்வொன்றும் 50 யூனிட்டில் வாழ்க்கை நடத்துகிறது. ஆனால் ஏட்டில் அது 250 யூனிட் எரிக்கும் வசதியான வீடு! 200-ஐத் தாண்டியதால் சலுகை கிடையாது. தனித்தனி மீட்டர் இருந்திருந்தால் ஐந்து குடும்பமும் பில் கட்டவே வேண்டியிருக்காது. உள்ளே ஒரு சப் மீட்டர் மாட்டி, யூனிட்டுக்கு இவ்வளவு என்று தாமே விலை வைத்து வசூலிக்கும் வீட்டுக்காரர்களும் இருக்கிறார்கள். அரசு விலையை விட அது எவ்வளவு கூடுதல் என்று கேட்கும் துணிவு எத்தனை பேருக்கு உண்டு? ஊருக்கு இளைத்தவன் பிள்ளையார் கோயில் ஆண்டி என்பார்கள். வந்தேறி என்று பெயர் வாங்கிய குடித்தனக்காரனின் நிலை அதுதான்.

இப்போது மூன்றாவது ஒன்று வாசலில் வந்து நிற்கிறது. அதுதான் முன்பணம் கட்டும் மீட்டர். செல்போனுக்கு ரீசார்ஜ் செய்வதைப் போல மின்சாரத்துக்கும் முதலில் பணம், பிறகுதான் வெளிச்சம். மத்திய அரசின் 2020-ஆம் ஆண்டு நுகர்வோர் உரிமை விதிகள், புதிய இணைப்புகளுக்கு இவ்வகை மீட்டரையே பொதுவிதியாக வைத்தன. 2025-இல் கர்நாடகத்தில் புதிய இணைப்புகளுக்கும் தற்காலிக இணைப்புகளுக்கும் ஸ்மார்ட் மீட்டர் பொருத்தும் வேலை தொடங்கியது. அதன் விலையை எதிர்த்துக் கண்டனம் எழுந்து, வழக்கு உயர் நீதிமன்றம் வரை போனது.

முன்பண மீட்டரே கெட்டது என்று நாம் சொல்லவில்லை. 2003-ஆம் ஆண்டு மின்சாரச் சட்டத்தின் 47-ஆம் பிரிவுப்படி, முன்பண மீட்டரை ஏற்பவரிடம் டெபாசிட் கேட்கக்கூடாது. கைக்காசு குறைந்த நமக்கு அது நல்லதே. ஆனால் வாடகை வீட்டில் அதன் மறுபக்கத்தைப் பாருங்கள். பழைய மீட்டரில் முந்தைய ஆளின் பாக்கி காகிதத்தில் இருந்தது. படித்துப் பார்த்து வாதாட முடிந்தது. முன்பண மீட்டரில் அந்தப் பாக்கி கணக்குக்கு உள்ளேயே உட்கார்ந்துகொள்ளக் கூடும். நாம் 500 ரூபாய் போடுவோம். அதில் 200 யாரோ எரித்த விளக்குக்குப் போகும். ரீசார்ஜ் செய்தியும் எச்சரிக்கைச் செய்தியும் ஊரை விட்டுப் போனவரின் செல்போனுக்குப் போகும். இருட்டு மட்டும் நம் வீட்டுக்கு வரும்.

இது வெறும் கற்பனைப் பயம் அல்ல. காசு போட்டால் எரிவாயு வரும் மீட்டரை 19-ஆம் நூற்றாண்டின் இறுதியிலேயே கண்ட நாடு பிரிட்டன். இன்றும் அங்கே ஏழைகளின் வாடகை வீடுகளில் முன்பண மீட்டர்கள் ஏராளம். முன்பு இருந்தவரின் சாவியையோ அட்டையையோ கொண்டு பணம் நிரப்பினால் அவருடைய கடனையும் சேர்த்து அடைக்க நேரும். ஆகவே குடிபுகுந்த அன்றே மின் நிறுவனத்துக்குச் சொல்லிவிடுங்கள் என்று அங்குள்ள நுகர்வோர் அமைப்புகள் வற்புறுத்துகின்றன. பாக்கிக்காரர் வீடுகளில் கதவைத் திறந்து வலுக்கட்டாயமாக இம்மீட்டரைப் பொருத்திய செய்தி 2023 பிப்ரவரியில் வெளியாகி, பெரும் கொந்தளிப்புக்குப் பிறகே அது நிறுத்தி வைக்கப்பட்டது. நூறாண்டு அனுபவமுள்ள நாட்டிலேயே இந்த நிலை என்றால், நாம் விழிப்போடு இருக்க வேண்டாமா?

சட்டம் நம் பக்கம் இல்லாமல் இல்லை. மின்சாரச் சட்டத்தின் 43-ஆம் பிரிவு, 'உரிமையாளர் அல்லது குடியிருப்பவர்' விண்ணப்பித்தால் மின்சாரம் தர வேண்டும் என்கிறது. வீட்டுக்காரர் தடையில்லாச் சான்று தர மறுத்தார் என்பதற்காகக் குடித்தனக்காரருக்கு மின்சாரத்தை மறுக்க முடியாது என்று 2022 மே மாதம் திலீப் - சதீஷ் வழக்கில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. பாக்கிக்காக மின்சாரத்தைத் துண்டிக்க 15 நாள் எழுத்து மூல அறிவிப்பு தேவை என்பது 56-ஆம் பிரிவு. அதே சமயம், ஒரு கட்டிடத்தின் பழைய பாக்கியை அதைப் புதிதாக வாங்கியவரிடம் கேட்கும் விதிகள் செல்லும் என்று 2023-இல் அதே நீதிமன்றம் கூறியிருப்பதையும் மறக்கக்கூடாது. பாக்கி ஆளோடு போய்விடும் என்று நம்பி இருந்துவிட முடியாது. அது கட்டிடத்தோடும் ஒட்டிக்கொள்ளும்.

ஆகவே நம் குடும்பங்களுக்கு நாம் சொல்வது இதுதான். அட்வான்ஸ் பணத்தைக் கையில் கொடுப்பதற்கு முன் கடைசி மின் பில்லைக் கேட்டு வாங்கிப் பாருங்கள். பாக்கி இருந்தால் தீர்த்துத் தரச் சொல்லுங்கள். குடிபுகும் நாளில் மீட்டர் எண்ணையும் அதிலுள்ள அளவையும் செல்போனில் படம் எடுங்கள். அதே அளவை வாடகை ஒப்பந்தத்தில் எழுதி இருவரும் கையெழுத்திடுங்கள். முன்பண மீட்டராயின் மிச்சத் தொகை என்ன, பழைய கடன் உண்டா, எந்தச் செல்போன் எண் பதிவாகியிருக்கிறது என்று கேட்டு, உங்கள் எண்ணைப் பதியச் செய்யுங்கள். முந்தையவரின் ஆதாரை விடுவிக்கச் சொல்லி, கர்நாடகா ஒன் நிலையத்தில் உங்கள் ஆதாரை இணையுங்கள். ஆதாரில் தமிழ்நாட்டு முகவரி இருக்கிறது, உங்களுக்குக் கிடையாது என்று யாராவது சொன்னால், வாய்ச்சொல்லை ஏற்காதீர்கள். எழுத்தில் தரச் சொல்லுங்கள். தொல்லை நேர்ந்தால் 1912-க்குப் புகார் செய்து அந்தப் புகார் எண்ணைக் குறித்து வையுங்கள். வீட்டைக் காலி செய்யும்போது உங்கள் ஆதாரை நீங்களே விடுவித்துவிட்டுப் போங்கள். அடுத்து அங்கே வருகிறவரும் ஒரு தொழிலாளிதான்.

அரசிடமும் மின் கழகத்திடமும் நாம் கேட்பவை நான்கு. குடித்தனக்காரர் மாறும்போது கணக்கை முடித்து, பாக்கியில்லை என்ற சீட்டு தர வேண்டும். பிறர் பாக்கியை முன்பண மீட்டர் வழியாகப் பிடிக்கக்கூடாது. கிருஹ ஜோதி யூனிட்டுகள் தீர்வதற்கு முன் ரீசார்ஜ் கேட்டு இணைப்பைத் துண்டிக்கக்கூடாது. வடார வீடுகளில் குடித்தனத்துக்கு ஒரு மீட்டர் தர வேண்டும்.

இது தமிழன் கன்னடன் தகராறு அல்ல. அதே முற்றத்தில் குடியிருக்கும் கன்னடத் தொழிலாளியும் இதே மீட்டருக்குத்தான் அழுகிறான். 1902-இல் காவிரியின் சிவசமுத்திரத்தில் எடுத்த மின்சாரம் முதன்முதலில் ஓடியது கோலார் தங்கவயலுக்கு. அங்கே சுரங்கத்துக்குள் இறங்கியவர்களில் பெரும்பாலோர் தமிழ்த் தொழிலாளர்கள். இந்த மண்ணின் மின்சாரத்தோடு நமக்குள்ள உறவு நேற்று வந்ததல்ல. சலுகை கேட்டு நாம் நிற்கவில்லை. உழைத்து, வாடகை கொடுத்து, குடியிருக்கும் வீட்டில் நம் பெயரில் ஒரு கணக்கு வேண்டும் என்கிறோம். பக்கத்து வீட்டுக் கன்னடக் குடும்பத்தையும் அழைத்துக்கொண்டு, ஒரே விண்ணப்பத்தில் கையெழுத்திட்டுப் போய்க் கேட்போம்.