அரியருக்கு மட்டும்தானா ஆண்டவர்?

செமஸ்டர் ரிசல்ட்டுக்கு முந்தின ராத்திரி எந்த ஹாஸ்டலுக்கு வேணும்னாலும் போய்ப் பாருங்க. வருஷம் முழுக்க சர்ச் வாசலை பைக்கில் கடந்து மட்டுமே போன பார்ட்டிகூட, கட்டிலுக்குப் பக்கத்துல முழங்கால் போட்டிருப்பார். ‘ஆண்டவரே, எம்-3 மட்டும் க்ளியர் ஆகிடட்டும். அடுத்த வாரத்துல இருந்து ஒழுங்கா சர்ச்சுக்கு வந்துடறேன்!’ ரிசல்ட் வந்துடும். எம்-3யும் க்ளியர் ஆகிடும். அந்த அடுத்த வாரம் மட்டும் வரவே வராது!

சிரிக்காதீங்க பாஸ், அதுவும் ஜெபம்தான். கடல்ல மூழ்கப்போன பேதுரு ஸ்தோத்திரம், துதின்னு வரிசையா ஆரம்பிக்கலை. மூணே வார்த்தையில கூப்பிட்டார். இயேசுவோட கை உடனே நீண்டது. அதனால அவசரத்துக்குக் கூப்பிடறது தப்பே இல்லை. ஆனா, லேப் ரெக்கார்ட் வேணும்னா மட்டும் போன் பண்ற க்ளாஸ்மேட் நம்ம எல்லாருக்குமே இருப்பான் இல்லையா? அவன் நம்பர் ஸ்க்ரீன்ல வந்தாலே விஷயம் புரிஞ்சிடும். கடவுள்கிட்ட நாம அந்த க்ளாஸ்மேட்டா மட்டுமே இருந்தா, ஒருநாள் சிக்கல் வரும். கேட்டது கிடைக்காத நாள் அது.

எங்க ஹாஸ்டல்ல ஒரு நண்பன். அவனோட அப்பா ஐ.சி.யூ.வில் இருந்தப்போ வீடு, சர்ச், ரூம்மேட்ஸ்னு எல்லாரும் ஜெபிச்சோம். பன்னிரண்டாம் நாள் அப்பா இறந்துட்டார். அடக்கம் முடிஞ்சு ஹாஸ்டலுக்குத் திரும்பினவன் ஒரே ஒரு கேள்விதான் கேட்டான். ‘இனிமே அவர்கிட்ட பேச என்னடா இருக்கு?’

யாரும் பதில் சொல்லலை. ‘எல்லாம் நன்மைக்கே’னு தோளைத் தட்ட எங்க யாருக்கும் மனசு வரலை. ஆனா அந்தக் கேள்வி எங்களை விடவும் இல்லை. ஜெபம்னா உண்மையிலேயே என்னன்னு நாங்க பைபிளைப் புரட்ட ஆரம்பிச்சது அதுக்கு அப்புறம்தான்.

முதல் ஆச்சரியம் சங்கீதம். (கத்தோலிக்க நண்பர்களுக்கு, திருப்பாடல்கள்!) மொத்தம் 150. எல்லாமே துதிப்பாட்டுதான்னு நினைச்சிட்டிருந்தோம். பார்த்தா, பெரும் பகுதி புகார்! இன்னும் எத்தனை நாள், ஏன் முகத்தை மறைச்சுக்கிட்டீர்னு கடவுள்கிட்டயே நேருக்கு நேரா கேள்வி. வழக்கமா இந்தப் புகார்ப் பாட்டுகள் கடைசியில நம்பிக்கைக்குத் திரும்பிடும். 88-ம் சங்கீதம் அதைக்கூட செய்யலை. இருட்டுலயே முடிஞ்சுடுது. அதைப் போய் யாரும் வேதத்துல இருந்து கிழிச்சுப் போடலை. ஜெபம்னே பத்திரமா வெச்சிருக்காங்க.

அடுத்தது கெத்செமனே தோட்டம். சிலுவைக்கு முந்தின ராத்திரி, ‘இந்தப் பாடு வேண்டாமே’னு இயேசுவே கேட்கிறார். ஒரு தடவை இல்லை, மூணு தடவை, அதே வேண்டுதல். அந்தப் பாடு நீங்கலை. ஆனா பேச்சை அவர் நிறுத்தலை. ‘என் இஷ்டம் இல்லை, உம்முடைய இஷ்டம்’ங்கிற இடத்துக்கு வந்து சேர்ந்தது அப்படிக் கேட்டுக் கேட்டுத்தான்.

நம்ம காலத்துக்கே வாங்களேன். அன்னை தெரசா 1997-ல மறைஞ்சாங்க. பத்து வருஷம் கழிச்சு, 2007-ல அவங்களோட கடிதங்கள் புத்தகமா வந்தப்போ உலகமே அசந்துபோச்சு. ஜெபத்துல கடவுளோட பிரசன்னத்தை உணர முடியலை, உள்ளே ஒரே வெறுமைன்னு எழுதியிருந்தாங்க. ஒரு மாசம், ரெண்டு மாசம் இல்லை, பல பத்து வருஷம்! அத்தனை வருஷமும் ஜெபத்தை விடவும் இல்லை, கல்கத்தாவோட ஏழைகளை விடவும் இல்லை. அந்த வெறுமை தெரிஞ்ச பிறகுதான், 2016-ல திருச்சபை அவங்களைப் புனிதர்னு அறிவிச்சது.

ஸோ, ‘ஜெபம் பண்ணா ஒண்ணுமே ஃபீல் ஆகலை, என் ஜெபம் வீக்’னு முடிவு கட்டறவங்க கொஞ்சம் பொறுங்க. கண்ணீர் வந்தா பவர்ஃபுல், கொட்டாவி வந்தா ஃபெயில்னு இதுக்கு மார்க் கிடையாது. ஒழுங்கா வந்து உட்கார்றது, வந்து உண்மையைப் பேசறது. ஜெபம் பலப்படறது இந்த ரெண்டுலதான்.

‘சரிப்பா, டைம் எங்கே?’ங்கிறீங்களா? தானியேலைப் பாருங்க. 120 தேசாதிபதிகள், அவங்களுக்கு மேல 3 பிரதானிகள், அந்த மூணு பேர்ல ஒருத்தர் இவர். நம்ம அசைன்மென்ட், இன்டர்னலை விட அவருக்கு வேலை ஜாஸ்திதான்! ஆனாலும் தினமும் மூணு வேளை, அதே ஜன்னல், அதே முழங்கால். ராஜாவைத் தவிர வேற யார்கிட்டயும் 30 நாளைக்கு வேண்டக்கூடாதுன்னு சட்டம் வந்த அன்னிக்கும் அவர் புதுசா எதையும் செய்யலை. எப்பவும் செய்யறதையே செஞ்சார். சிங்கக் குகை வந்தப்போ அவரைத் தாங்கினது, சிங்கம் இல்லாத நாள்ல போட்ட முழங்கால்.

நமக்கு மூணு வேளை உடனே வராது. ஒரு வேளையில ஆரம்பிப்போமே. சில ஐடியாஸ்:

முதல்ல நேரத்தையும் இடத்தையும் ஃபிக்ஸ் பண்ணுங்க. ‘ஃப்ரீயா இருக்கும்போது’ங்கிற நேரம் எந்த டைம்டேபிள்லயும் இல்லை. ரூம்ல மூணு பேர் இருந்தா மொட்டை மாடி, இல்லைன்னா மெஸ்ஸுக்குப் போற வழியில இருக்கிற வேப்பமரம். அஞ்சு நிமிஷம் போதும். முதல் நாளே ஒரு மணி நேரம்னு இறங்கினா மூணாம் நாள் படுத்துடுவீங்க!

போனை வேற இடத்துல வைங்க. பைபிள் ஆப்னுதான் திறப்போம். மேலே ஒரு நோட்டிஃபிகேஷன் எட்டிப் பார்க்கும். பத்து நிமிஷம் கழிச்சு ரீல்ஸ்ல இருப்போம். அச்சடிச்ச பைபிள்ல அந்தத் தொல்லை இல்லை.

வார்த்தை வரலைன்னா கடன் வாங்குங்க. ஒரு நாளைக்கு ஒரு சங்கீதம்னா அஞ்சு மாசம் ஓடும். ஜெபிக்கக் கத்துக்கொடுங்கன்னு சீஷர்களே கேட்டுத்தான் இயேசு அந்த ஜெபத்தைச் சொல்லிக்கொடுத்தார். சி.எஸ்.ஐ. வீட்டுப் பாட்டி பரமண்டல ஜெபம்பாங்க, கத்தோலிக்க வீட்டுப் பாட்டி பரலோக மந்திரம்பாங்க. சின்ன வயசுல இருந்து கடகடன்னு ஒப்பிச்ச அதே ஜெபத்தை ஒரு தடவை மெதுவா சொல்லிப் பாருங்க. அதுல ‘எனக்கு’ன்னு ஒரு இடத்துலகூட வராது. எல்லாமே ‘எங்களுக்கு’! அப்போ நம்ம லிஸ்ட்ல ரூம்மேட்டோட அரியரும் இருக்கணும், மெஸ்ல பாத்திரம் கழுவற அக்காவோட பிள்ளையும் இருக்கணும்.

வேலைக்கு நடுவுலயும் பேசுங்க. 17-ம் நூற்றாண்டுல, பாரிஸ் நகரத்து கார்மல் மடத்துல சகோதரர் லாரன்ஸ்னு ஒருத்தர் இருந்தார். அவருக்குக் கிடைச்சது அடுப்படி வேலை. கோயில்ல முழங்கால் போடறப்போ கடவுள் எவ்வளவு பக்கத்துல இருந்தாரோ, பாத்திரச் சத்தத்துக்கு நடுவுலயும் அவ்வளவு பக்கத்துல இருக்கார்னு பழகிக்கிட்டவர். நமக்கு பஸ் ஃபுட்போர்டு, ஜெராக்ஸ் கடை க்யூ, வைவாவுக்குக் காத்திருக்கிற வராண்டா. ஒரே ஒரு வாக்கியம் போதும்.

கடைசியா, மனசு அலையுதேன்னு நொந்துக்காதீங்க. ஜெபத்துக்கு நடுவுல மேட்ச் ஸ்கோர் ஞாபகம் வந்தா, திரும்பி வாங்க. பத்து தடவை அலைஞ்சா பத்து தடவை திரும்பி வாங்க. அந்தத் திரும்பி வர்றதே பயிற்சிதான்.

அந்த நண்பன் இப்போ ஜெபிக்கிறானான்னு கேட்பீங்க. அவனுக்கு அந்த 88-ம் சங்கீதத்தைக் காட்டினோம். ‘இப்படியெல்லாம்கூட பேசலாமா?’ன்னான். சில ராத்திரி அதை எடுத்து வாசிக்கிறான். சில ராத்திரி சும்மா உட்கார்ந்திருக்கான். நாங்களும் பக்கத்துல உட்கார்ந்துக்கறோம். அவன் கேட்ட கேள்விக்கு இன்னும் பதில் கிடைக்கலை. ஆனா இப்போ அந்தக் கேள்வியை எங்ககிட்ட கேட்கறதில்லை. அவர்கிட்டயே கேட்கிறான்.

உங்ககிட்டயும் அப்படி ஒரு கேள்வி இருக்கலாம். இல்லை, வெறும் எம்-3 கவலையா இருக்கலாம். எதுவா இருந்தாலும் ரிசல்ட் வர்ற வரைக்கும் வெயிட் பண்ண வேணாம். இன்னிக்கு லைட் அணைக்கிறதுக்கு முன்னாடி அஞ்சு நிமிஷம். போன் மேஜை மேல, நீங்க மொட்டை மாடியில. மனசுல என்ன இருக்கோ, அதையே பேச ஆரம்பிங்க.