ஹெரால்டை அறுக்காதீர்கள்

பிரிட்டனின் ஸ்பிட்ஃபயர் ஸ்போர்ட்ஸ் காருக்கு அடிச்சட்டம் தந்தது ட்ரையம்ப் ஹெரால்டு. அதையே 1961 முதல் சென்னையை அடுத்த வண்டலூரில் ‘ஸ்டாண்டர்டு ஹெரால்டு’ என்று தயாரித்தார்கள். களமருதூர் பக்கம் சித்திரை வெயிலில் அதை ஓட்டினால் வேர்த்துக் கொட்டும், உண்மைதான். அதற்காக டாஷ்போர்டை அறுத்து ஏசி ஏற்றுவது அநியாயம். 948 சிசி என்ஜினின் சொற்ப பலத்தையும் கம்ப்ரஸர் தின்றுவிடும். வெட்டியது பழையபடி ஒட்டாது. முதலில் கூரைக்கு உள்ளே வெப்பத்தடுப்பு விரிப்பு ஒட்டுங்கள். பிறகு ஓர் ஐஸ் பெட்டி, அதன் குளிர்நீரைச் சுற்றவிடச் சிறிய பம்பு, அந்த நீர் ஓட ஒரு ஹீட்டர் காயில், அதன் வழியே காற்றை ஊத மின்விசிறி போதும். 10 கிலோ ஐஸ் உருகினால், ஒரு டன் ஏசி கால் மணி நேரம் இழுக்கும் வெப்பத்தை இழுத்துவிடும். பக்கத்து ஊர் போய்வர அது தாராளம். வேண்டாதபோது கழற்றியும் வைக்கலாம். பழைய வண்டிக்கு நாம் செய்யும் எந்த வசதியும் திரும்ப எடுக்கக்கூடியதாகவே இருக்க வேண்டும்.