தரவு படிப்பவர்கள் திண்ணைக்கு வரட்டும்

பிளஸ் டூ முடித்த பிள்ளையிடம் அடுத்து என்ன படிப்பு என்று கேட்டால், ‘டேட்டா சயின்ஸ்’ என்ற பதில் இப்போது சர்வசாதாரணமாக வருகிறது. நல்ல ஆசைதான். வங்கி, மருத்துவமனை, காப்பீடு என எங்கும் எண்களைப் படித்துச் சொல்ல ஆள் தேவை. ஆனால் பல வகுப்புகளில் மாணவர் கைக்கு வருவது ஏற்கெனவே திருத்திச் சீராக்கிய கோப்பு. எக்செல், பைத்தான் பழகுகிறார்; வரைபடம் அழகாக வருகிறது. அந்த எண்ணை யார், எந்த வாசலில் நின்று, என்ன கேட்டு வாங்கினார் என்பது தெரியாமலே பட்டமும் வாங்கிவிடுகிறார். இது மாறியாக வேண்டும்.

தென்காசிப் பக்கம் ஒரு திண்ணை. பெண்ணொருத்தியின் மடியில் பீடித்தட்டு. “வேலை ஏதும் பாக்கிறீங்களாக்கா?” என்று கேட்கிறார் கணக்கெடுக்க வந்தவர். “வேலையா? வீட்ல சும்மாதான் இருக்கேன் தம்பி.” சொல்லி முடிப்பதற்குள் விரல்கள் இலையில் தூளை வைத்துச் சுருட்டி நூலும் கட்டிவிட்டன. அவசரக்காரர் ‘வீட்டு வேலை மட்டும்’ என்று குறித்துக்கொண்டு அடுத்த வீட்டுக்கு நடப்பார். விஷயம் தெரிந்தவர் உட்கார்ந்து இன்னும் நாலு கேள்வி கேட்பார்: இது கூலிக்கா? போன வாரம் எத்தனை நாள், எவ்வளவு நேரம்? தொழிலாளர் கணக்கெடுப்பின் வாராந்தர அளவுகோலின்படி, 7 நாளில் ஏதேனும் ஒரு நாள் 1 மணி நேரம் வேலை செய்திருந்தாலே அவர் வேலையில் இருப்பவர். அந்த நாலு கேள்வியைக் கேட்காமல் விட்டால் ஒரு பெண்ணின் உழைப்பு கணக்கிலேயே ஏறாது. ஏறாததை எந்த மென்பொருளாலும் பிறகு மீட்டெடுக்க முடியாது.

1931-இல் கல்கத்தாவில் இந்தியப் புள்ளியியல் நிறுவனத்தைத் தொடங்கிய மகலனோபிஸ் இதை நன்றாக உணர்ந்தவர். வங்காளத்தின் சணல் சாகுபடியைக் கணக்கிட வயல்களுக்கு ஆள் அனுப்பியபோது, ஒரே வட்டாரத்துக்கு இரண்டு குழுக்களைத் தனித்தனியாக அனுப்பும் முறையை வகுத்தார். இருவர் கொண்டுவந்த எண்களும் ஒத்துப்போகாவிட்டால் எங்கோ பிழை என்று பிடித்துவிடலாம். இயற்பியல் படித்த அந்த மேதை, சூத்திரங்களுக்குக் கொடுத்த மதிப்பைக் களத்தில் நடப்பவரின் பேனாவுக்கும் கொடுத்தார். 1950-இல் தொடங்கிய தேசிய மாதிரிக் கணக்கெடுப்பு அவர் போட்ட பாதையில் வந்ததே.

ஆகவே, தரவு அறிவியல் நடத்தும் ஒவ்வொரு கல்லூரியும் ஒரு பருவம் முழுக்கக் களப்பணியைக் கட்டாயமாக்க வேண்டும். மாநிலப் பொருளியல் மற்றும் புள்ளியியல் துறை தன் கள அலுவலர்களோடு மாணவர்களை அனுப்பி உதவ வேண்டும். கல்லூரிகள் தங்கள் புள்ளியியல் துறையை இழுத்து மூடிவிட்டு அந்த இடத்தில் புதுப் பெயரில் படிப்பு தொடங்குவதை ஏற்கவே முடியாது. இன்னொன்றையும் பெற்றோர் கவனிக்க வேண்டும்: இந்தியப் புள்ளியியல் பணித் தேர்வை எழுத, பட்டப்படிப்பில் புள்ளியியல் ஒரு பாடமாக இருந்திருக்க வேண்டும், இல்லையென்றால் அதில் முதுநிலைப் பட்டம் வேண்டும். சேர்க்கையின்போதே இதை எடுத்துச் சொல்லாத கல்லூரி மாணவருக்குத் துரோகம் செய்கிறது.

களத்துக்கு அனுப்பச் செலவாகும் என்று நிர்வாகங்கள் சொல்லக்கூடும். பேருந்துக் கட்டணமும் ஒரு கட்டுப் படிவமும்தான் செலவு. இருபது வீடுகளில் உட்கார்ந்து மாணவர் தன் கையால் நிரப்பிய படிவங்களுக்கு, கணினித் தேர்வுக்கு இணையான மதிப்பெண் தரப்பட வேண்டும். வரும் கல்வியாண்டிலேயே இதைத் தொடங்கலாம்.