மெழுகுதிரிக்கு அப்பால்



தலவில புனித அன்னம்மாள் திருவிழாவுக்கு மார்ச்சிலும் ஓகஸ்டிலும் நேர்த்தி வைத்துப் போகிறோம். காணாமற்போன பிள்ளைக்காகவும் இறந்த கணவனுக்காகவும் அழும் தாய்மாரை அங்கே காண்கிறேன். அந்தக் கண்ணீர் வீணாகாது. ஆனால் நாம் கேட்டு முடித்தபின், ஆண்டவர் நம்மிடம் கேட்பது என்ன?

புனித யோசேப்பு வாஸ் அடிகளாரின் வாழ்வில் அதற்கு விடை காண்கிறேன். ஒல்லாந்தர் கத்தோலிக்கரைத் துன்புறுத்திய காலத்தில் அவர் யாழ்ப்பாணத்திலிருந்து புத்தளம் வந்து பணியாற்றினார். 1692இல் கண்டிக்குப் போனபோது, ஒற்றன் என்ற சந்தேகத்தில் சிறைவைக்கப்பட்டார். 1697இல் அதே கண்டியில் பெரியம்மை பரவியது. உறவினரே நோயாளரைக் கைவிட்டபோது, அவர் மதம் பாராமல் பராமரித்தார். தன்னைச் சிறைவைத்த ஊர் என்று கணக்குப் பார்க்கவில்லை. 2015 ஜனவரி 14இல் பாப்பரசர் பிரான்சிஸ் கொழும்பில் அவரைப் புனிதராக உயர்த்தினார்.

நமக்கும் கணக்குகள் உண்டு. யுத்தம் பறித்ததை மறக்கும்படி நான் சொல்லமாட்டேன். நீதி கேட்பதை விடும்படி ஆண்டவரும் சொல்லவில்லை. ஆனால் 1990இல் வடக்கிலிருந்து வெளியேற்றப்பட்டு இங்கு வந்த முஸ்லிம் சகோதரியும் நம்மைப்போல் வீடிழந்தவளே. கணவனை இழந்தவளை நல்ல காரியத்துக்கு அழைக்காத வீடுகள் நம்மிடையிலும் உண்டு.

இம்மாதம் ஒன்று செய்வோம். நாம் விலக்கி வைத்த ஒருத்தியின் வீட்டுப் படியேறி, அவளோடு இருந்து தேநீர் குடிப்போம். அவள் கதையைக் கேட்போம். அதுவும் நேர்த்திக்கடன்தான்.

ஆண்டவர் நம்மை ஆசீர்வதிப்பாராக.